பலகை முதல் பத்திரிகை வரை: தமிழில் எழுத்துப்பிழையைப் பிடிக்கும் முறை

வறுமையை ஒழிப்போம் என்பதற்குப் பதில் ‘வறுமையை ஒளிப்போம்’ என்று பேனர் அடித்தால் கொள்கையே தலைகீழாகிவிடும். நன்கொடை அளித்தவர் ஒரே எழுத்தில் நன்கொடையை அழித்தவர் ஆகிவிடுவார். இவை எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தி மென்பொருள் சிவப்புக் கோடு போடாது. மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

சென்னையில் இது கூடுதல் சிரமம். வாழைப்பழம் இங்கே பேச்சில் ‘வாயப்பயம்’ ஆகும், சிலர் வாயில் ‘வாலப்பலம்’ ஆகும். ர, ற இரண்டுக்கும் காதில் வேறுபாடு தெரிவதில்லை. ண, ன நிலைமையும் அதுவே. ஆகவே ‘சொல்லிப் பார்த்து எழுது’ என்று பள்ளியில் கொடுக்கும் அறிவுரை இந்த ஊரில் பாதி தூரம்கூடக் கொண்டுபோகாது. எழுத்து நிற்கும் இடத்தையும் சொல்லின் உறவுகளையும் பார்த்து முடிவு செய்வதே நம்பகமான வழி. தமிழில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது நிற்கலாம் என்பதற்குக் கறாரான கட்டுப்பாடு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பிழைகளில் பெரும்பகுதி அர்த்தம் தெரியாமலேயே பிடிபட்டுவிடும்.

கடை வைத்திருக்கும் டிடிபி ஆபரேட்டர், குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதுபவர், அலுவலகக் கடிதம் தயாரிப்பவர், இணையத்தில் எழுதுபவர் என யாருக்கும் முறை ஒன்றுதான். ஒரு பிரதியை ஐந்து சுற்றுகளாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வகைப் பிழையை மட்டும் தேட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடிக்கப் பார்த்தால் கண் எழுத்தை விட்டுவிட்டுப் பொருளைப் படிக்கத் தொடங்கிவிடும்.

தொடங்கும் முன்

வாசகத்தை ஃபோனில் வாய்மொழியாகவோ வாட்ஸ்அப் குரல் செய்தியாகவோ வாங்காதீர்கள். சொன்னவர் ழ என்று நினைத்துச் சொல்வார், கேட்டவர் ல என்று அடிப்பார். தட்டச்சு செய்த செய்தியாகவோ கையால் எழுதிய தாளின் படமாகவோ கேட்டு வாங்குங்கள். வடிவமைப்பாளர் அனுப்பும் படத்தில் எதையும் தேட முடியாது. அதனால் வடிவமைப்புக்குப் போகும் முன்பே வெறும் எழுத்து வடிவில் திருத்தத்தை முடித்துவிட வேண்டும்.

முதல் சுற்று: மெய்யெழுத்துக் கூட்டணி

இந்தச் சுற்றைக் கணினியே செய்து கொடுக்கும். தேடல் பெட்டியில் ற்க், ற்ச், ற்ப், ட்க், ட்ச், ட்ப் என்று ஒவ்வொன்றாக அடித்துத் தேடுங்கள். கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே பிழைகளாக இருக்கும்.

காரணம் எளிது. ற், ட் என்ற இரண்டு மெய்களுக்குப் பின்னால் இன்னொரு மெய் வராது. முயற்ச்சி தவறு, முயற்சி சரி. பயிற்ச்சி தவறு, பயிற்சி சரி. அதேபோல அதற்கு, கற்பனை, விற்பனை, மேற்பார்வை, காட்சி, ஆட்சி, கட்சி, நட்பு, வேட்கை. ஃபிளெக்ஸ் பேனர்களில் அதிகம் பார்க்கும் பிழைக்குப் போட்டி வைத்தால் ‘வருக வருக என வரவேற்க்கிறோம்’ முதல் பரிசு வாங்கும். வரவேற்கிறோம் என்பதே சரி. வாட்ச், மேட்ச், ஸ்கெட்ச் போன்ற ஆங்கிலச் சொற்கள் தேடலில் அகப்படும், அவற்றை விட்டுவிடலாம்.

ய், ர், ழ் மூன்றும் இதற்கு நேர்மாறு. அவற்றுக்குப் பின்னால் இன்னொரு மெய் தாராளமாக வரும்: வாய்ப்பு, பார்க்க, வாழ்த்து. குறிப்பாக ‘ச்சி’ என்று முடியும் சொற்களில் வந்தே தீரும்: வளர்ச்சி, தேர்ச்சி, உணர்ச்சி, மகிழ்ச்சி, நிகழ்ச்சி, வீழ்ச்சி. எனவே ர்சி, ழ்சி என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ‘கீழ்கண்ட விவரங்கள்’ என்பதும் இந்த வகைப் பிழைதான், கீழ்க்கண்ட என்று வர வேண்டும். சந்தேகம் வந்தால் சென்னையின் இரண்டு பெயர்களை நினைத்துக்கொள்ளலாம். கீழ்ப்பாக்கத்தில் ழ்-க்குப் பின் ப் உண்டு. மேற்கு மாம்பலத்தில் ற்-க்குப் பின் ஒன்றும் இல்லை.

முயற்சியில் ஒற்றைச் ‘சி’யும் மகிழ்ச்சியில் ‘ச்சி’யும் ஏன் என்று கேட்டால், முயல் என்பதன் ல் ற் ஆக மாறி நிற்கிறது, மகிழ் என்பதன் ழ் மாறவில்லை. இந்த மாற்றம் நான்காம் சுற்றில் பெரிய உதவியாக வரும்.

இதே தேடலில் இன்னும் சில: ண்ற எங்கே வந்தாலும் பிழை. ன்ட என்பது தமிழ்ச் சொல்லில் வந்தால் பிழை (வேன்டும் என்பது வேண்டும்). ன்த என்று வந்தால் பார்க்க வேண்டும், ‘அவன்தான்’ போல ‘தான்’ ஒட்டிய இடங்கள் மட்டும் சரி. ர்ர, ழ்ழ இரண்டும் தமிழில் கிடையாது.

இரண்டாம் சுற்று: ந, ண, ன

பழைய ஆசிரியர்கள் இந்த மூன்றையும் தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்று பெயர் சொல்லிக் கற்பித்தார்கள். விதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. த-வுக்கு முன் ந், ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன். பந்து, வண்டி, கன்று. இந்த மூன்று இணைகளில் குழப்பத்துக்கே இடமில்லை.

சொல்லின் முதலில் ந மட்டுமே வரும். ண, ன வராது. இடைவெளிக்கு அடுத்து ன வந்த இடங்களைத் தேடினால் தட்டச்சுப் பிழைகள் பிடிபடும்.

‘ந்த’ வரிசையைத் தவிர, சொல்லின் நடுவில் ந வந்தால் அது பெரும்பாலும் இரண்டு உறுப்புகள் சேர்ந்த சொல். மாநகராட்சி, தலைநகர், திருநாள், அந்நிலை, செந்நிறம் எல்லாம் அப்படித்தான். வெந்நீர் என்பதும் வெம்மையும் நீரும் சேர்ந்தது, அதனால் வென்னீர் தவறு. அநியாயம், அநாதை போன்ற வடசொற்கள் தனி. அலுவலகக் கடிதத்தில் தடுக்கி விழும் இடம் ‘நர்’ விகுதி. வினையடியோடு நர் சேர்ந்தால் ந எழுத வேண்டும்: அனுப்புநர், பெறுநர், இயக்குநர், ஆளுநர். மாநகரப் பேருந்தில் ஏறினால் ஓட்டுநரும் நடத்துநரும் அப்படியே. ஆனால் உறுப்பினர் என்பதில் இருப்பது ‘இனர்’, அங்கே ன.

மீதிக் குழப்பம் ண-வுக்கும் ன-வுக்கும் இடையில்தான். இறந்தகாலத்தை வைத்துச் சோதியுங்கள். தின்றான் என்பதில் ன்ற வருவதால் தின்பண்டம். இனிப்புக் கடைப் பலகைகளில் காணும் திண்பண்டம் தவறு. உண்டான் என்பதில் ண்ட வருவதால் உண்பது. இந்தச் சோதனை பெயர்ச்சொல்லுக்கு உதவாது. சிலவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் திருமணப் பத்திரிகைக்குக் கொடுப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை: திருமணம், மணமகன், மணமகள், மணமக்கள் எல்லாவற்றிலும் ண. ‘மனமார்ந்த’ வாழ்த்தில் மட்டும் ன, ஏனென்றால் அது மனம். பணி என்றால் வேலை, பனி என்றால் குளிர்காலத்தில் விழுவது. ஓய்வு பெறுபவருக்குப் ‘பனி நிறைவு விழா’ எடுத்த பேனர்கள் இந்த ஊரில் அபூர்வம் அல்ல. அனுமதி, அனுபவம், அனுப்பு மூன்றிலும் ன. அணுமின் நிலையத்தில் ண. பத்திரிகை என்ற சொல்லிலேயே ‘பத்திரிக்கை’ என்று ஒரு க் கூட்டிவிடுவதும் சகஜம், அதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் சுற்று: ர, ற

முதலில் உறுதியான விதிகள். சொல் ற்-இல் முடியாது. எனவே வந்தார், அவர், தயிர், மோர் என்று இறுதியில் புள்ளியோடு வருவது எப்போதும் ர். ஏவலில் புள்ளியோடு முடியும் வினைகளும் இதில் அடங்கும்: சேர், தீர், தேர், வளர், உணர். அவற்றில் பிறந்த சேர்க்கை, தீர்வு, தேர்வு, வளர்ப்பு எல்லாவற்றிலும் ர்.

சொல் ற-வில் தொடங்காது. ஆங்கிலச் சொல்லானாலும் தமிழ்நாட்டு வழக்கில் ரப்பர், ரோடு. இலங்கைத் தமிழர்கள் றப்பர், றோட்டு என்று எழுதுவது அவர்கள் மரபு, அதைப் பிழை என்று திருத்தப் போகாதீர்கள்.

நிகழ்காலத்தில் கிற, கின்ற மட்டுமே. வருகிறார், சொல்கிறோம், நடக்கிறது. ஒரே சொல்லில் கிறா வந்து இறுதியில் ர் வருவதுதான் கையைத் தடுமாறவைக்கும். கிரா, கிரோ, கிரது என்று தேடினால் அத்தனையும் வெளியே வந்துவிடும். கிராமம், கிராம்பு போன்ற சில சொற்களும் சேர்ந்து வரும், அவற்றை விட்டுவிடலாம்.

ரு-வா று-வா என்று தெரியவில்லை என்றால் ‘இல்’ சேர்த்துப் பாருங்கள். கிணறு கிணற்றில் ஆகும், வயிறு வயிற்றில் ஆகும், வரலாறு வரலாற்றில் ஆகும். ற்ற வந்தால் அடிச்சொல்லில் று. தெரு தெருவில் ஆகும், கரு கருவில் ஆகும், அங்கே ரு. இதைத் திருப்பிப் போட்டால் சென்னை மதில்களில் நிறைந்திருக்கும் ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ பிடிபடும். சொல் சுவர், சுவறு அல்ல. ர்-இல் முடியும் சொல் ற்ற ஆகாது. சுவரில் என்றே எழுத வேண்டும். வினைகளிலும் உறவைப் பார்க்கலாம். மாற்று, ஏற்று, தேற்று என்று பிறவினை வந்தால் மாறு, ஏறு, தேறு என்று தன்வினையில் ற.

சோதனைக்கு எளிதில் சிக்காதவை உணவகப் பட்டியலில் குவிந்து கிடக்கின்றன. வறுத்தால் வறுவல், எனவே மீன் வறுவல், சிக்கன் வறுவல். பொரித்தால் பொரியல், பொரித்த மீன், பொரிகடலை. இரண்டும் அடுப்பில் நடப்பதால் எழுத்தும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிப் ‘பொறித்த மீன், வருவல்’ என்று மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். பொறி என்றால் எந்திரம் அல்லது எலிப்பொறி; பொறியியல் கல்லூரிக்கு அந்த ற வேண்டும். கறி வேறு, அடுப்புக் கரி வேறு. முறுக்கு, சோறு, இறால், சுறா நான்கிலும் ற. வஞ்சிரத்தில் ர. அறுசுவை உணவகம் என்றால் ஆறு சுவை. ‘அருசுவை’ என்று ஒரு சொல் இல்லை. அரிய சுவை என்று சொல்ல விரும்பினால் அருஞ்சுவை என்று எழுதிக்கொள்ளலாம்.

அலுவலகச் சொற்களில் துறை, அறிக்கை, பொறுப்பு, உறுதி, இறுதி, சிறப்பு எல்லாம் ற. துரை என்பது ஆளைக் குறிக்கும். துறைமுகத்துக்கு ஒரு எழுத்து, துரைப்பாக்கத்துக்கு இன்னொன்று. பேருந்து நிற்கும் இடம் நிறுத்தம். ‘பேருந்து நிருத்தம்’ என்று எழுதினால் பேருந்து நடனமாடும், நிருத்தம் என்றால் கூத்து. ‘என்னைப் பொருத்தவரை’ என்று பரவலாக எழுதப்படுகிறது, பொறுத்தவரை என்பதே சரி. பொருத்து என்பது இணைப்பது, பொருத்தம் பார்ப்பது.

நான்காம் சுற்று: ல, ள, ழ

விகுதிகளை முதலில் முடித்துவிடுங்கள். பன்மைக்கு எப்போதும் கள். இடத்துக்கு இல், கருவிக்கும் நிபந்தனைக்கும் ஆல், பெண்ணுக்கு ஆள். அவள் வந்தாள். மழை வந்தால் போட்டி நடக்காது. இந்த இரண்டு வாக்கியமும் நினைவில் இருந்தால் போதும்.

அடுத்து வினைச்சொற்கள். இங்கே இறந்தகாலச் சோதனைபோல் கைகொடுக்கும் கருவி வேறு இல்லை. ன்ற அல்லது ற்ற வந்தால் அடியில் ல்: சென்றான் செல், வென்றான் வெல், கற்றான் கல், விற்றான் வில், தோற்றான் தோல். ண்ட அல்லது ட்ட வந்தால் ள்: கொண்டான் கொள், ஆண்டான் ஆள், மீண்டான் மீள், கேட்டான் கேள். ழ்ந்த வந்தால் ழ்: வாழ்ந்தான், வீழ்ந்தான், மகிழ்ந்தான். இதை வைத்து அவற்றில் பிறந்த பெயர்களையும் முடிவு செய்யலாம். தோற்றதால் தோல்வி, கற்றதால் கல்வி, கேட்டதால் கேள்வி. புரண்டது என்பதால் புரள்வது, புரட்சி. வறண்டது என்பதால் வறள்வது, வறட்சி. கொலைக்கு ல ஏன், கொள்ளைக்கு ள ஏன் என்பதும் கொன்றான், கொண்டான் என்று சொல்லிப் பார்த்தால் விளங்கிவிடும்.

பெயர்ச்சொல்லில் ‘கள்’ அல்லது வேறு சொல் சேரும்போது ல் ற் ஆகும், ள் ட் ஆகும். சொற்கள், கற்கள், பற்பசை என்றால் சொல், கல், பல். முட்கள் என்றால் முள். ண், ன் இரண்டும்கூட இப்படியே மாறும்: மண் மட்பாண்டம் ஆகும், பொன் பொற்காசு ஆகும், பின்னும் பகலும் சேர்ந்தால் பிற்பகல்.

சோதனைக்கு எட்டாத இணைகள் உண்டு. ஆபத்தானவை இவைதாம்: அளி என்றால் கொடு, அழி என்றால் நாசம் செய். ஒளி மறைவது அல்லது வெளிச்சம், ஒழி இல்லாமல் செய்வது, ஒலி ஓசை. தொலைக்காட்சி ஒளிபரப்பும், வானொலி ஒலிபரப்பும். இரண்டிலும் நடுவில் ப் வராது. விலக்கு அளிப்பது வேறு, விளக்கு ஏற்றுவது வேறு, வரிவிலக்கில் ல. முன்னாள் அமைச்சர் என்பதில் நாள் இருக்கிறது, மேடைக்கு முன்னால் என்பதில் இல்லை. கட்சிக்காரர்கள் கவனிக்க வேண்டியது கழகம். ல போட்டால் கலகம் ஆகிவிடும், காவல்துறை வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளக்கூடும். மூன்றும் ஒரே சொல்லில் வேண்டும் என்றால் தொழிலாளர் இருக்கிறார்: ழி, லா, ள.

ஊர்ப்பெயர்களுக்குப் பேருந்துப் பலகையே பாடநூல். எழும்பூர், சோழிங்கநல்லூர், வடபழனி மூன்றிலும் ழ. வேளச்சேரி, கொளத்தூர், சூளைமேடு, வளசரவாக்கம், பள்ளிக்கரணை ஆகியவற்றில் ள. மாம்பலம், மணலி, திருவல்லிக்கேணி ஆகியவற்றில் ல. ஆங்கிலப் பலகையைப் பார்த்துத் தமிழுக்கு மாற்றாதீர்கள். ஆங்கில வடிவங்கள் தமிழ் ஒலியோடு ஒட்டவில்லை என்று 2020-இல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது, வந்த வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. பழைய வடிவங்களே தொடர்வதால் அவற்றிலிருந்து ழ-வையும் ள-வையும் ஊகிக்க முடியாது.

ஐந்தாம் சுற்று: ஒற்று

இதுதான் பலரும் கைவிட்டுவிடும் இடம். நீளமான இலக்கணப் பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். க, ச, த, ப என்ற நான்கு வரிசையில் தொடங்கும் சொற்களுக்கு முன்தான் ஒற்று மிகும், அதாவது முந்தைய சொல்லின் முடிவில் க், ச், த், ப் கூடும். ஆகவே பிரதியில் அந்த எழுத்துகளில் தொடங்கும் சொற்களை மட்டும் பென்சிலால் அடையாளமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முந்தைய சொல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். மீதியைத் தொடவே வேண்டாம்.

முந்தைய சொல்லில் ‘ஐ’ அல்லது ‘கு’ வேற்றுமையாக வெளிப்படையாக இருந்தால் மிகும். சாலையைக் கடக்கவும், கடைக்குச் சென்றார். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின் மிகும். அந்தப் பையன், எப்படிச் செய்வது. ‘ஆக’, ‘என’ ஆகியவற்றுக்குப் பின்னும், வர, செய்ய போன்ற எச்சங்களுக்குப் பின்னும் மிகும்: நன்றாகப் பேசினார், எனக் கூறினார், வரச் சொன்னார். ஓடி, தேடி, போய் என்று முடியும் எச்சத்துக்குப் பின்னும் அப்படியே: தேடிப் பார், போய்ச் சேர்ந்தார்.

உகரத்தில் முடியும் வினையெச்சத்துக்கு ஒரு தனிச் சோதனை போதும். கடைசி எழுத்துக்கு முன் வல்லின மெய் இருந்தால் மிகும்: எடுத்துச் செல், கேட்டுப் பெறு, விற்றுத் தீர்ந்தது. மெல்லினமோ இடையினமோ இருந்தால் மிகாது: வந்து சேர்ந்தார், கண்டு பிடித்தார், நின்று பார்த்தார், செய்து கொடுத்தார். அழுது, தொழுது போல மெய்யே இல்லாதவற்றிலும் மிகாது. என்று என்பதும் இந்தக் கணக்கில் சேர்வதால் ‘என்றுச் சொன்னார்’ தவறு.

கட்டாயம் மிகாத இடங்களைத் தெரிந்துகொள்வது இன்னும் முக்கியம், ஏனென்றால் விதி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் எல்லா இடத்திலும் ஒற்றைத் தூவிவிடுவார்கள். வந்த, செய்த, பெரிய, நல்ல போன்ற பெயரெச்சங்களுக்குப் பின் மிகாது: வந்த பையன், பெரிய கடை. பல, சில, ஒரு, இரண்டு, மூன்று ஆகியவற்றுக்குப் பின் மிகாது. எண்களில் எட்டு, பத்து மட்டும் விலக்கு: எட்டுத் திசை, பத்துப் பாட்டு. அது, இது, எனது, உனது மிகாது. வாக்கியத்தின் எழுவாய்க்குப் பின் மிகாது: தம்பி படித்தான். வாழ்க, வருக போன்ற வாழ்த்துக்குப் பின் மிகாது: வாழ்க தமிழ். இருவர் அல்லது இரண்டு பொருள் ‘உம்’ மறைந்து நிற்கும்போது மிகாது: தாய் தந்தை, இரவு பகல். சுடுசோறு, ஊறுகாய் போன்ற வினைத்தொகையிலும் மிகாது.

பெயரும் பெயரும் சேரும்போது பெரும்பாலும் மிகும்: பொதுக்கூட்டம், துணிக்கடை, மருந்துக்கடை, தேங்காய்ச் சட்னி, வங்கிக் கணக்கு. முதல் சொல் ஆட்களைக் குறித்தால் மிகாது: தலைவர் பதவி, தந்தை பெயர். விண்ணப்பப் படிவத்தில் ‘தந்தைப் பெயர்’ என்று அச்சிட வேண்டியதில்லை.

ஒற்று பொருளை மாற்றும் இடங்களில் மட்டும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். வேலை தேடினான் என்றால் உத்தியோகம் தேடினான். வேலைத் தேடினான் என்றால் முருகன் கை வேலைத் தேடினான். வேலையைத் தேடினான் என்று ஐ விரிந்தால் ஒற்று தானாக வரும்.

பத்திரிகைத் தலைப்புகளில் இடம் போதாமல் ஒற்றை விடுவார்கள். அது அவர்கள் பாணி. ஆனால் ஐ, கு, அந்த, இந்த ஆகியவற்றுக்குப் பின் விடுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

இரண்டும் சரி என்று சண்டை நடக்கும் இடங்கள்

வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்பதில் புலவர்களே பிரிந்து நிற்கிறார்கள். இலக்கணக் கறாரைப் பார்ப்பவர்கள் வாழ்த்துகள், எழுத்துகள், கருத்துகள் என்பார்கள். பழக்கம் மற்றதன் பக்கம். பூக்கள், தெருக்கள், பசுக்கள் ஆகியவற்றில் சண்டையே இல்லை, அங்கே க் வேண்டும். நாள்கள், நாட்கள், கோயில், கோவில், கறுப்பு, கருப்பு என்று பட்டியல் நீளும். ஒரு பிரதிக்குள் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். தேர்ந்த வடிவங்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைப்பது நல்லது. மற்றபடி சந்தேகம் வந்தால் 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் பார்க்கலாம். இணையத்திலும் அது கிடைக்கிறது. இன்றைய வழக்குக்குக் கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்னும் பொருத்தமானது.

விசைப்பலகையும் எழுத்துருவும்

பிழைகளில் ஒரு பகுதி அறியாமையால் வருவதில்லை, விரலால் வருகிறது. ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் பெறும் முறையில் ல-வுக்கும் ள-வுக்கும், ர-வுக்கும் ற-வுக்கும், ன-வுக்கும் ண-வுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஷிஃப்ட் சாவி ஒன்றுதான். வேகத்தில் அது தவறும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனிச் சாவி உண்டு. அதில் ந-வை அடுத்து த அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ண-வும் ட-வும், ன-வும் ற-வும் அப்படியே. இரண்டாம் சுற்றின் விதி விசைப்பலகைக்குள்ளேயே இருக்கிறது. தினமும் பக்கம் பக்கமாக அடிப்பவர்கள் இதற்கு மாறிக்கொள்வது நல்லது.

கைபேசியில் தானாகத் திருத்தும் வசதி தமிழில் உதவியை விட உபத்திரவம். மழை என்று தொடங்கினால் மலையை நீட்டும். முக்கியமான செய்தி எழுதும்போது அணைத்துவிடுங்கள். வாணி எழுத்துப்பிழைக்கும், நாவி ஒற்று தவறும் சந்திப்பிழைக்கும் இணையத்தில் கிடைக்கும் கருவிகள். முதல் வடிகட்டலுக்கு நன்றாகப் பயன்படும். முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்ற பிறகும் அச்சகங்கள் பலவற்றில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களே ஓடுகின்றன. அதனால் திருத்தி முடித்த பிரதியும் எழுத்துரு மாறும்போது மீண்டும் கெட்டுப்போகும். ஸ்ரீ, ஷ, ஔ ஆகியவை காணாமல் போவதும், கொம்பும் காலும் இடம் மாறுவதும் வழக்கம். ஔவையார் ‘ஒளவையார்’ ஆவது தனிக் கதை: ஒ-வையும் ள-வையும் தனித்தனியாக அடித்தால் பார்க்க ஒன்றுபோல் தெரியும், தேடினால் கிடைக்காது. ஃபோட்டோஷாப்பில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், எழுத்து அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசிப் படி

வடிவமைப்பு முடிந்ததும் ஏ4 தாளில் அச்செடுங்கள். திரையில் படிப்பதை நம்பாதீர்கள். வரிக்கு அடியில் அளவுகோல் வைத்து, கடைசி வரியிலிருந்து முதல் வரி நோக்கிப் படியுங்கள். பொருள் தொடராமல் போவதால் எழுத்து கண்ணில் படும். பெரிய எழுத்தில் இருப்பதைத் தனியாக ஒருமுறை பாருங்கள். உடல் வாசகத்தைத் துருவும் கண் தலைப்பைத் தாண்டிவிடுவது சகஜம், மானம் போவதோ தலைப்பில்தான். பெயர்கள், கிழமையும் தேதியும் ஒத்துப்போவது, ஃபோன் எண் மூன்றையும் வாசகம் கொடுத்தவரே சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் பெயரை அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுங்கள், விதியைச் சொல்லித் திருத்தாதீர்கள்.

அச்சான பிறகு பிழை தெரிந்தால் ஃபிளெக்ஸில் ஒற்றை எழுத்தை மட்டும் வெட்டி ஒட்டக் கூடாது, பின்னணி நிறம் ஒட்டாமல் அந்த இடம் இன்னும் எடுப்பாகத் தெரியும். அந்தச் சொல் இருக்கும் வரி முழுவதையும் அதே கோப்பிலிருந்து, அதே இயந்திரத்தில் பட்டையாக அடித்து ஒட்டுங்கள். திருமணப் பத்திரிகையில் உள்தாள் தனியாக இருந்தால் அதை மட்டும் மறுபடி அச்சிட்டால் போதும், அட்டையைத் தொட வேண்டாம். கடைக்காரரிடம் முதலிலேயே இரண்டையும் தனித்தனியாக அடிக்கச் சொல்லிவிட்டால் இந்தச் செலவு குறையும்.